உடல் கடிகாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பணி. பகலில் ஏழு மணி நேரம் படுத்தும் அயர்வு தீரவில்லை. வயிறும் மந்தமாகவே இருக்கிறது. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: இதைச் சோம்பல் என்று எண்ணி உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் திரண்டு உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகின்றன. வெளிச்சமே இல்லாவிட்டால் அது 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலான சுற்றில் ஓடும். கண் வழியே வரும் ஒளிதான் அதை அன்றாடம் சூரியனோடு இணைக்கிறது. பணி முடிந்து காலை வெயிலில் நீங்கள் வீடு திரும்பும்போது அதற்குப் பகல் தொடங்கிவிடுவதால், நீங்கள் படுக்கும் வேளையில் உடல் வெப்பம் ஏறத் தொடங்கி, தூக்கம் மேலோட்டமாகிறது. அமெரிக்க அறிவியலாளர்கள் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த, மரபணுக்களால் இயங்கும் கடிகாரம் கல்லீரலிலும் கணையத்திலும்கூட உண்டு. இந்த உறுப்புக் கடிகாரங்கள் பெரிதும் உணவு வேளையைப் பின்பற்றுபவை. நள்ளிரவில் வயிறு நிறைய உண்டால் அவை ஒரு நேரத்தையும் மூளை வேறொரு நேரத்தையும் காட்டுகின்றன. உங்கள் மந்தத்துக்கு இது காரணமாக இருக்கலாம்.

முழு உணவைப் பணிக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் பசித்தால் பழமோ மோரோ போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவன வண்டியில் திரும்புபவரானால் கறுப்புக் கண்ணாடி அணியலாம். இருசக்கர வாகனத்தில் வருபவரானால், தூக்கக் கலக்கம் மிகுந்திருக்கும் அவ்வேளையில் சிறிது நேரம் கண்ணயர்ந்த பின்னரே கிளம்புங்கள். படுக்கையறையில் தடித்த திரை கட்டாயம் வேண்டும். இவை பாதிப்பைக் குறைக்குமே தவிர நீக்கா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இத்தகைய பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இலேயே சேர்த்தது. ஆகவே பகல் பணிக்கு மாறும் வாய்ப்பு வரும்போது அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகனை விடியற்காலை 4 மணிக்கு எழுப்புகிறேன், படுப்பதோ 12 மணிக்கு. காலைப் படிப்புத்தானே மனத்தில் பதியும்?

பதில்: நான்கு மணி நேரத் தூக்கத்தில் எந்தப் படிப்பும் பதியாது, அம்மா. பதின்ம வயதில், தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் ஹார்மோனான மெலட்டோனினின் சுரப்பு இயல்பாகவே பின்தள்ளிப்போவதால் அவனுக்கு இரவில் சீக்கிரம் தூக்கம் வருவதில்லை. அவ்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. கனவுறக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் நிகழ்வது. நாலு மணிக்கு எழுப்பும்போது அதைத்தான் வெட்டுகிறோம். தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கத்தைக் குறைக்கும் நம் வீட்டு வழக்கம் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. பத்தரைக்குள் கைப்பேசியை வாங்கி வைத்து, ஆறரைக்கு எழுப்பி, எழுந்ததும் மொட்டை மாடி வெளிச்சத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் உண்டு. கடை அடைத்துவிட்டு இரவு பத்தரைக்குச் சாப்பிடுகிறேன். நேரம் அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம். இரவில் உயரும் மெலட்டோனின் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துவதால், அதே உணவு காலையைவிட இரவில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். ஏழரை மணிக்குக் கடையிலேயே உண்ண முடியுமா என்று பாருங்கள். ஆனால் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றக் கூடாது.

கேள்வி: மாலை ஆறு மணிக் காபி தூக்கத்தைக் கெடுக்குமா?

பதில்: காஃபினில் பாதி குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். மதியம் இரண்டு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.