‘இன்றைக்கு’ எதனோடு சேர்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் வேதபாட வகுப்பு மூன்று வாரமாக லூக்கா 23:43-ஐத் தாண்டவில்லை. சிலுவையில் தம் பக்கத்தில் அறையப்பட்ட கள்ளனிடம் இயேசு சொன்னது அது: ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்.’ மரித்த விசுவாசி உடனே கிறிஸ்துவிடம் போகிறான் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டாம் என்றேன். வகுப்புக்கு வரும் அட்வெந்து சபைச் சகோதரர் ஒருவர் மறுக்கிறார். மரித்தவர் உயிர்த்தெழும்வரை உணர்வின்றி உறங்குகிறார் என்பது அவர்கள் போதனை. மூல கிரேக்கத்தில் காற்புள்ளியே கிடையாது, ‘இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்’ என்றுதான் சேர்க்க வேண்டும் என்கிறார். உயிர்த்தெழுந்த அன்று இயேசு ‘நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை’ (யோவான் 20:17) என்றதையும், ‘மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்’ (பிரசங்கி 9:5) என்பதையும் காட்டுகிறார். விசுவாசப் பிரமாணமோ ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்கிறது. அன்று அவர் இருந்தது பரதீசிலா, பாதாளத்திலா?

இதற்கு நடுவே இன்னொருவர், அந்தக் கள்ளனே ஞானஸ்நானம் பெறவில்லையே, நமக்கு மட்டும் எதற்கு என்று கேட்கிறார். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அட்வெந்து நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. பழைய கிரேக்கப் பிரதிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளிகூட இராது, நிறுத்தற்குறிகளும் அரிது. மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளில் ஒன்றான வத்திக்கான் பிரதியில் ‘இன்றைக்கு’ என்பதை அடுத்து ஒரு புள்ளி இருப்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். பின்னாளில் வேறு கை மை தடவிப் புதுப்பித்த சுவடி அது, அந்தப் புள்ளியை நம்பி ஒரு கொள்கையைக் கட்டக் கூடாது. ஆனால் குறி இல்லை என்பதால் வாக்கியத்தை இஷ்டப்பட்ட இடத்தில் முறிக்கலாம் என்று ஆகிவிடாது. நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்கமாட்டார்கள், அதையும் படித்துப் பொருள் கண்டுதான் வந்திருக்கிறோம். எழுதியவரின் வழக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரியும்.

கிரேக்கத்துக்குப் போகுமுன் தமிழிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டிய பழைய மொழிபெயர்ப்பில் ‘இன்றைக்கு’ வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. ‘இன்றைக்கு நீ இருப்பாய்’ என்றும் அது சேரும். நடுவில் உள்ளதைத் தாண்டி ‘இன்றைக்கு… சொல்லுகிறேன்’ என்றும் சேரும். சொன்னதை முன்னே வைத்து ‘என்று’ போட்டுச் சொல்லும் வினையைக் கடைசியில் வைப்பது தமிழின் இயல்பு, அதனால் வரும் தடுமாற்றம் இது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்’ என்று ‘இன்று’ என்பதை எழுவாய்க்குப் பின்னே தள்ளி ஒரு பக்கமாகத் தீர்த்துவிடுகிறது. யெகோவாவின் சாட்சிகளின் பெயர்ப்பு ‘சொல்கிறேன்’ பக்கம் சேர்த்து எதிர்ப்புறமாகத் தீர்க்கிறது. தமிழ் வசனத்தை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் மொழிபெயர்த்தவரின் முடிவைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்போம்.

கிரேக்கச் சொல்வரிசை இது: ‘அமேன் சொய் லெகோ செமெரோன் மெத் எமூ எசே என் தோ பரதெய்சோ.’ மெய்யாகவே, உனக்கு, சொல்கிறேன், இன்றைக்கு, என்னோடு, இருப்பாய், பரதீசில். ‘இன்றைக்கு’ இரண்டு வினைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கும். ஆகவே லூக்காவின் கையைப் பார்க்க வேண்டும்.

இன்றைய ஆய்வுப் பதிப்புகளின்படி லூக்கா நற்செய்தியில் ‘அமேன், சொல்கிறேன்’ என்ற முத்திரை ஆறு முறை வருகிறது: 4:24, 12:37, 18:17, 18:29, 21:32, பிறகு நம் வசனம். மற்ற ஐந்திலும் ‘உங்களுக்குச் சொல்கிறேன்’ என்றவுடனே சொல்லப்படும் செய்தி தொடங்கிவிடுகிறது. எப்போது சொல்கிறேன், எப்படிச் சொல்கிறேன் என்று ஒட்டு எதுவும் இல்லை. ‘செமெரோன்’, அதாவது ‘இன்றைக்கு’, என்ற சொல்லோ பதினொரு முறை. ‘இன்று இரட்சகர் பிறந்திருக்கிறார்’ (2:11), ‘இந்த வேதவாக்கியம் இன்று நிறைவேறிற்று’ (4:21), சகேயுவின் கதையில் இரண்டு முறை (19:5, 9), பேதுருவின் சேவல் (22:34, 61). சர்ச்சைக்குரிய இடத்தை விட்டால், மீதிப் பத்திலும் அது நடக்கும் நிகழ்ச்சியோடு சேர்கிறதே தவிர, சொல்லும் வினையோடு ஒருமுறைகூடச் சேரவில்லை. 22:34-இலும் ‘உனக்குச் சொல்கிறேன்’ இருக்கிறது, ‘இன்றைக்கு’ இருக்கிறது. அங்கே அது சேவல் கூவுவதைச் சேர்ந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று காற்புள்ளி அல்ல, உபாகமம். ‘இன்று உங்களுக்கு அறிவிக்கிறேன்’ (30:18), ‘இன்று சாட்சியாகச் சொல்கிறேன்’ (8:19) என்று மோசே அடிக்கடி பேசுகிறார். உடன்படிக்கைக்கு எடுப்பான பேச்சுமுறை அது. லூக்காவே எழுதிய அப்போஸ்தலர் 20:26-இல் பவுலும் இந்நாளில் சாட்சியிடுகிறேன் என்று பேசுகிறார். ‘எல்லாம் தோற்றுப்போனதாகத் தெரியும் இந்த நாளிலேயே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்’ என்று நம் வசனத்தைப் படிப்பதில் பொருள் இல்லாமல் இல்லை. பழைய சீரியாக் பெயர்ப்புகளில் கியூரேட்டன் பிரதி அப்படித்தான் பிரித்தது. ஆனால் எழுபதின்மரின் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் அந்த இரண்டு உபாகம வசனங்களையும், பிறகு அப்போஸ்தலர் 20:26-ஐயும் எடுத்துப் பாருங்கள். ‘இன்று’ முடிந்ததும் ‘ஹோத்தி’ என்ற சொல் வந்து வேலி போடுகிறது. நம் ‘என்று’ செய்யும் வேலை அதற்கு. சொல்லும் வினையோடு நாளைச் சேர்க்கும்போது லூக்காவும் வேலி போடுகிறார். 23:43-இல் வேலி இல்லை. வேலி இல்லாததே வாதத்தை முடித்துவிடாது, 18:17-இலும் அது இல்லைதான். மற்றவற்றோடு சேர்த்து எடை போடும்போது தராசு வழக்கமான வாசிப்பின் பக்கம் சாய்கிறது.

இன்னும் சாய்ப்பது முந்தின வசனம். கள்ளன் கேட்டது, ‘நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்.’ அவன் கேட்பது என்றோ ஒரு நாளுக்கு. ‘எப்போது’ என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் ‘இன்றைக்கு’ விழுகிறது. அதைச் ‘சொல்லுகிறேன்’ பக்கம் தள்ளினால் பதிலில் காலமே இல்லாமல் போகிறது. கால்களை முறித்தார்கள் என்று யோவான் 19:32 சொல்வதை வைத்து, அவன் அன்று சாகவில்லை என்று வாதிடுவாரும் உண்டு. அவர்கள் அதற்கு முந்தின வசனத்தைப் படிக்க வேண்டும். பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்குமுன் உடல்களை இறக்கவே அது நடந்தது. சாவைத் தள்ளிப்போட அல்ல.

யோவான் 20:17-க்கும் இதற்கும் முரண் என்று நினைப்பது, பரதீசு என்றாலே பிதாவின் சிங்காசனம் என்று எடுத்துக்கொள்வதால் வருவது. சொல் பாரசீகத்திலிருந்து கிரேக்கத்துக்கு வந்தது, மதில் சூழ்ந்த தோட்டம் என்பது பொருள். எழுபதின்மர் ஏதேனுக்கு அதையே வைத்தார்கள். புதிய ஏற்பாட்டில் மொத்தம் மூன்றே இடம்: இங்கே, 2 கொரிந்தியர் 12:4, வெளிப்படுத்தல் 2:7. அந்த யோவான் வசனத்தில் மகதலேனா மரியாளிடம் இயேசு பேசுவது உயிர்த்த உடலோடு ஏறிப்போவதைப் பற்றி. சிலுவையில் நம் வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளியே ‘பிதாவே, உம்முடைய கைகளில் என்னுடைய ஆவியை ஒப்புவிக்கிறேன்’ என்று இருக்கிறதே. பாதாளமும் அப்படித்தான். விசுவாசப் பிரமாணத்தில் அது தண்டனைக் குழி என்று பொருள்பட வேண்டியதில்லை, மரித்தோரின் உலகம். சங்கீதம் 16:10-ஐ எடுத்துப் பேதுரு பேசுவது (அப்போஸ்தலர் 2:27, 31) இந்தப் பொருளில்தான். மரித்தோரின் உலகத்தில் நீதிமான்களுக்கு ஆறுதலான இடம் உண்டு என்ற எண்ணம் லூக்காவுக்குப் புதிதல்ல, ஆபிரகாமின் மடி (16:22) அவர் நற்செய்தியில் மட்டுமே வருவது. ஆகவே பரதீசா, பாதாளமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இவ்வளவும் உங்கள் பக்கம். இனி உங்கள் பக்கத்தில் தவறுவது. இந்த வசனம் ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் கொடுத்த வாக்கு. அவன் அங்கே என்ன உணர்ந்தான், எல்லா விசுவாசிக்கும் அப்படித்தானா என்றெல்லாம் இது பேசவில்லை. பொதுவான போதனை வேண்டுமானால் பிலிப்பியர் 1:23-க்கும் 2 கொரிந்தியர் 5:8-க்கும் போங்கள். அங்கே பவுல் தன் மரணத்தைப் பற்றி வாதமாகப் பேசுகிறார், எடை அதிகம். அதே பவுல் 1 தெசலோனிக்கேயர் 4-இல் துக்கப்படுகிறவர்களைத் தேற்ற உயிர்த்தெழுதலைத்தான் முன்னே வைக்கிறார், சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட நிலையை அல்ல. ‘செத்ததும் பரலோகம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டு உயிர்த்தெழுதலை மறந்துவிட்ட பிரசங்கங்கள் ஏராளம். அதைச் சுட்டும் அளவில் உங்கள் நண்பருக்கு நியாயம் உண்டு.

சாவை வேதம் ‘நித்திரை’ என்று சொல்வதை அவர் எடுத்தால், உயிர் உணர்வற்றுக் கிடப்பதற்கு அந்தச் சொல் மட்டும் சான்றாகாது என்று சொல்லுங்கள். தமிழிலும் துஞ்சுதல் என்றால் உறக்கம், சாவு இரண்டும்தான். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சொல்லும் புறநானூற்றுக் குறிப்பு, அவன் உயிரின் நிலையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பிரசங்கி 9:5-ஐ அடுத்த வசனத்தோடு படியுங்கள். ‘சூரியனுக்குக் கீழே’ நடப்பதில் மரித்தவருக்கு இனிப் பங்கில்லை என்பதே அங்கே பேச்சு. அந்தப் புத்தகம் முழுவதும் நின்று பார்க்கும் இடம் அது.

கள்ளனின் ஞானஸ்நானம் பற்றி. ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ ஞானஸ்நானம் கொடுங்கள் என்ற கட்டளை (மத்தேயு 28:19) உயிர்த்தெழுதலுக்குப் பிறகு வந்தது. கையும் காலும் ஆணியில் இருந்தவனுக்கு வாய்ப்பும் இல்லை. தண்ணீர் இல்லாமல் தேவனால் இரட்சிக்க முடியாது என்று சொல்வோருக்கு இந்தக் கதை பதில். தண்ணீர் பக்கத்தில் இருந்தும் வேண்டாம் என்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் அப்போஸ்தலர் 8:36-இல் ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன’ என்று அந்த எத்தியோப்பிய மந்திரி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.