உள்ளேன் ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 19. உறைவிடப் பள்ளியில் நடக்கும் ஒரு கொலையை வைத்து என் வயதுக்காரர்களுக்காக நாவல் எழுதுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். ஒரு மாணவி கொல்லப்படுகிறாள், நான்கு தோழிகள் துப்பறிகிறார்கள். கொலையாளி யார் என்று கடைசிவரை தெரியாமல் இருக்க என்ன செய்வது? சந்தேகப்படும்படி எத்தனை பேர் வேண்டும்? போலீஸை எப்படி ஒதுக்கிவைப்பது?

ம.

அன்புள்ள ம.,

வந்த அன்றே படித்துவிட்டேன். உங்களுக்கு எழுத வருகிறது. மொட்டைமாடியில் ஈரத்துணி காயும் அந்த ஒரு பத்தி போதும் அதைச் சொல்ல.

எத்தனை பேர் என்பதெல்லாம் எழுத எழுதத் தெரியும். போலீஸ் வரட்டும், பெரியவர்களிடம் பிள்ளைகள் சொல்லாதவை எப்போதும் இருக்கும். கொலையாளியை ஒளிக்க, துப்பறியும் கதைகளுக்கென்று ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வாசகர் கண்ணில் பட்டுவிட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. இரண்டாம் அத்தியாய முடிவில் அந்தப் பெண் செத்துக் கிடக்கிறாள். மூன்றாவதில் தோழிகள் துப்புகளைப் பட்டியல் போடுகிறார்கள். ஒருத்திகூட அவள் கட்டில் பக்கம் திரும்பவில்லை. அதே அறையில்தானே தூங்குகிறார்கள்?

அகதா கிறிஸ்டி 1959இல் பெண்கள் உறைவிடப் பள்ளியைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அந்தப் பள்ளிக்குள் சாகிறவர்கள் எல்லோரும் ஆசிரியைகள், மாணவி ஒருத்தியும் இல்லை. ஆசிரியை செத்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள், பெற்றோர் வந்து அழைத்துப்போவார்கள், கதை நகர்ந்துவிடும். நீங்கள் கொன்றிருப்பது பக்கத்துக் கட்டில்காரியை. அது அவ்வளவு லேசில் நகராது.

ஒன்பதாம் வகுப்பில் நான் விடுதியில் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனான். நான்காம் நாள் இறந்த செய்தி வந்தது. கொலையும் இல்லை, மர்மமும் இல்லை. வார்டன் மதியமே அவன் மெத்தையைச் சுருட்டிக் கட்டச் சொன்னார். அந்த அவசரத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. சோப்பு டப்பாவை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில், அவன் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழிந்த சோப்பு, காய்ந்து வெடித்துக் கிடந்தது. தொடவும் மனம் வரவில்லை, தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

அன்றிரவு கணக்கெடுப்பு. எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எண் வாசித்த அண்ணன் பழக்கத்தில் 37 என்று கூப்பிட்டுவிட்டார். நான் 38. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "உள்ளேன் ஐயா." வார்டன் நிமிர்ந்து பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. "அடுத்து" என்றார்.

பல வருடம் கழித்து, கூடப் படித்தவர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் "நான்தான்" என்றார்கள்.

உங்கள் நாவலில் அந்த இரவு எங்கே? பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். கொன்றவளும் அதே வரிசையில்தான் நிற்கிறாள். தன் எண் வரும்போது அவளுக்குக் குரல் எப்படி எழும்புகிறது என்று எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.