ஆட்டிசம் உள்ள 7 வயது மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் சீலண்ட் போடலாமா?

பல் துலக்கவே வாயைத் திறக்காத பிள்ளைக்கு, சொத்தை வராமல் பல்லின் கீறலை அடைக்கும் பூச்சான சீலண்ட் போடச் சொல்கிறார்கள், இது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். போடுங்கள். ஆனால் எந்தப் பல், முழுதாக வெளியே வந்துவிட்டதா, எந்த மருந்தை வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் எதையும் கேட்காமல் போய் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். மாமனார் காலத்து ரப்பர் போய் இப்போது சுற்றிலும் செம்பனை. என் மகனுக்கு ஆட்டிசத்தோடு வலிப்பும் உண்டு. 3 வயதிலிருந்து இனிப்பான மருந்துத் தண்ணி. ராத்திரி அதைக் குடித்து, மேலே மிலோவும் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவான். 5 வயதில் சொத்தையான 4 பால் பற்களை ஈப்போவில் முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். மயக்கம் தெளிந்து அவன் அழுததைப் பார்த்த பிறகு, முளைக்கப்போகும் பல்லையாவது விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

சுமார் 6 வயதில் வரும் கடைவாய்ப் பல் எந்தப் பல்லும் விழுந்து வருவதில்லை. பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம், ஆனால் ஆயுசுக்கும் அதுதான். அதன் மேல்பக்கம் புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி பள்ளமும் கீறலுமாக இருக்கும். பிரஷ் முடிகூட அந்தக் கீறலுக்குள் நுழையாது. அதை அடைத்துவிடுவதுதான் சீலண்ட். ஊசி இல்லை, குடைவதும் இல்லை.

பல்லைச் சுத்தம் செய்து, ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, காற்றடித்துக் காயவைப்பார்கள். பல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அதன்மேல் பிசின் மாதிரி ஒன்றை ஊற்றி, 20 வினாடி நீல வெளிச்சம் காட்டினால் இறுகிவிடும். காய்ந்த பல்லில் எச்சில் பட்டதோ, போச்சு.

எங்களுக்குப் போனதும் அங்கேதான். டவுனில் ஒரு தனியார் கிளினிக். பல் பாதி ஈறுக்குள் இருந்தபோதே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒரு பல்லுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போட்டார்கள். இரண்டே வாரத்தில் பல் துலக்கும்போது வெள்ளையாக ஒரு சில்லைத் துப்பினான். கேட்டால், “பையன் ஆடிட்டாம்மா” என்றார்கள். ஆடுவான் என்று சொல்லித்தானே கூட்டிப்போனேன்!

அப்புறம் அரசாங்க பல் கிளினிக்கில் ஒரு மிஸ்ஸிதான் (நர்ஸ்) விளக்கினார். பல் முழுதாக வரும்வரை கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு வகை அடைப்பை வைக்கலாமாம். கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடும் கசியும், விரலாலேயே அழுத்திவிடலாம். சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் நமக்கு அவகாசம் கிடைக்கும். பிள்ளை பழகியதும் பிசின் வகையைப் போட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் செய்தோம்.

பழக்கியதுதான் பெரிய வேலை. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் வாசலில் என் மடியில் தலையைச் சாய்த்துப் படுக்கவைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கரண்டிக் காம்பை உள்ளே விட்டு டார்ச் லைட் அடிப்பேன். அவனுக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றிப்போகும் லோரிகளை எண்ணப் பிடிக்கும். அதனால் 1, 2 என்று எண்ணாமல் “ஒரு லோரி, ரெண்டு லோரி” என்று 20 வரை எண்ணுவோம். கன்னத்துக்குள் வைக்கும் பஞ்சைத்தான் துப்பிக்கொண்டே இருந்தான். மிஸ்ஸியிடம் கேட்டு ஒரு கைப்பிடி பஞ்சு வாங்கிவந்து பழக்கினேன். காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள், கூட்டம் இல்லை. அன்றைக்கு 20 லோரியும் போய் முடியும்வரை வாயை மூடவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பைப் பிறகு படித்தேன். பிசின் சீலண்ட் போட்டால் 2 ஆண்டில் சொத்தை 11 முதல் 51 சதவீதம் வரை குறைகிறது என்கிறது. ஆனால் அது மேல் பள்ளத்தை மட்டும்தான் காக்கும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எட்டாது. அதனால் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை தினம் இரண்டு வேளை வேண்டும், மருந்து குடித்தபின் தண்ணீரும். சர்க்கரை இல்லாத மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், நாங்களாகக் கேட்கும்வரை யாரும் சொல்லவில்லை. 6 மாதத்துக்கு ஒரு தடவை சீலண்ட் பெயர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான எங்கள் பிடிகே (சமூக மறுவாழ்வு) நிலையத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பாப்பாவுக்கு 8 வயதாகியும் அந்தப் பல் வரவில்லை. அவர்களுக்குப் பல் தாமதமாக வருவது சகஜம்தான்.

என் மகனுக்கு இப்போது 11. நான்கு கடைவாய்ப் பல் சீலண்டில் ஒன்றை மட்டும் திரும்பப் பூசினார்கள், மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. 12 வாக்கில் அடுத்த கடைவாய்ப் பல் வரும் என்று போன வாரம் டார்ச் லைட்டை மறுபடி எடுத்தேன். எடுத்ததுமே, “லோரி” என்று சொல்லி அவனே வந்து மடியில் படுத்துக்கொண்டான்.