கறுப்பு வெள்ளை ரெமி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் தொடர்களை வளர்ந்தபின் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாமோ என்று இருக்கிறது.

1994இல் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தோம். பிரான்சிலிருந்த மாமா ஆரிடமோ கொடுத்துவிட்ட சாமான்களுக்குள் ஒரு வீடியோ கசற் வந்தது. தம்பியின் பிறந்தநாளுக்கு ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தபோது, படம் போட முன்னம் அதைப் போட்டார்கள். ஒரு பெடியன், ஒரு கிழவர், மூன்று நாய்கள், ஒரு குரங்கு. எல்லாரும் நடந்துகொண்டே இருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பிரெஞ்சு எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அக்காதான் பக்கத்தில் இருந்து கதை சொன்னாள். கிழவர் அந்தப் பெடியனின் அம்மப்பா, இரண்டு பேரும் அம்மாவைத் தேடிப் போகிறார்கள் என்று. நாலு பகுதி பார்த்தோம். அடுத்த வருடம் போரால் இடப்பெயர்வு. திரும்பி வந்தபோது வீட்டில் கசற்றும் இல்லை, கதவும் இல்லை.

போன மாதம் பிரான்சிலுள்ள நண்பனிடம் சொன்னேன். அது 'ரெமி' என்றான். ஆங்கில எழுத்தோடு முழுத்தொடரும் கிடைத்தது. ஒன்பது வயது மகளோடு ஐந்தாறு பகுதி பார்த்தேன். முதல் அதிர்ச்சி, அது கலர்ப் படம். அடுத்தது, கிழவர் அம்மப்பா இல்லை. பெடியனைக் காசு கொடுத்துக் கூட்டிப்போகிறவர். மகளோ, "ஏன் அப்பா படம் அடிக்கடி நிண்டு நிண்டு போகுது?" என்கிறாள். நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் பார்க்கவா, விடவா?

ஞா., கோண்டாவில்

*

அன்புள்ள தம்பி,

பாருங்கள். 51 பகுதியையும் பாருங்கள். முப்பது வருடமாக அந்தப் பெடியனை வழியில் நிற்கவிட்டிருக்கிறீர்கள். அவனை ஒரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நிறத்தில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளைதான், உங்கள் ஞாபகம் பிழைக்கவில்லை. பிரான்சில் அந்தக் காலத்துத் தொலைக்காட்சி 'செக்காம்' என்ற முறையில் நிறத்தை அனுப்பியது. இலங்கையில் 'பால்' முறை. ஜேர்மனி, சுவிஸ், லண்டன் எல்லாம் பால்தான். இரண்டிலும் படம் 625 கோடுகளால் ஆனது, வெளிச்சமும் இருட்டும் ஒரே மாதிரித்தான் பதிவாகும். நிறத்தை ஏற்றிவைக்கும் விதம் மட்டும் வேறு. அதனால் பிரான்சில் ரீவியிலிருந்து பதிந்த கசற்றை எங்கள் டெக்கில் போட்டால் உருவம் தெளிவாக வரும், நிறம் மட்டும் வராது. சுவிசிலிருந்து வந்த கலியாணக் கசற்றில் கூறைச் சேலை சிவப்பாக இருக்கும், பாரிசிலிருந்து வந்ததில் சாம்பலாக இருக்கும். கனடாக் கசற் என்றால் பெரும்பாலான டெக்குகளில் படமே ஒழுங்காக வராது. எங்கள் சனம் எந்தெந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அப்படி எங்கள் விறாந்தை ரீவியிலேயே தெரிந்தது.

ஆக, உலகத்தில் வேறு பிள்ளைகள் பச்சையும் நீலமுமாகப் பார்த்த ரெமியை, கொக்குவிலில் நீங்கள் சாம்பல் நிறத்தில் பார்த்தீர்கள். அதை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. நிறத்தோடு இருப்பது உங்களுக்குப் புதிதாகக் கிடைத்த இன்னொரு ரெமி.

அந்த இரவுகளை நானும் அறிவேன். 1990இல் மின்சாரம் போனபின் ஜாம் போத்தல் விளக்கில் படித்த வருடங்கள் அவை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்ட காலத்தில், ஒரு இரவு முழுக்க ஜெனரேற்றர் ஓடவிடுவது பெரிய செலவு. ஊரே வந்து முற்றத்தில் இருக்கும். ஜெனரேற்றர் மூச்சு வாங்கினால் ரீவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும். அதன் இரைச்சலில் தமிழ்ப் படத்தின் வசனமே அரைவாசிதான் கேட்கும். பிரெஞ்சாக இருந்தால் என்ன, தமிழாக இருந்தால் என்ன, கண்ணால்தான் கதையைப் பிடிக்க வேண்டும். உங்கள் அக்கா செய்ததும் அதுதான்.

அவ சொன்ன கதையைப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

எண்பதுகளில் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினியில் 'தொஸ்தர ஹொந்த ஹித' என்று ஒரு கார்ட்டூன் போனது. மிருகங்களோடு பேசும் டொக்டர் டூலிட்டிலின் கதை. 'நல்ல மனசு டொக்டர்' என்று தமிழில் சொல்லலாம். சிங்களத்துக்குக் கொண்டுவந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. 'ரேகாவ' என்ற சிங்களப் படத்தைத் தொகுத்தவர், பிறகு தானே படங்கள் இயக்கியவர், பின்னாளில் பிள்ளைகளின் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்து 2011இல் காலமானவர். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல்களுக்காக ரீவிக்கு முன்னால் போய் இருப்பேன். பல வருடம் கழித்து அதன் ஆங்கில மூலத்தைத் தேடிப் பார்த்தேன். 1970இல் அமெரிக்காவில் தொடங்கி, 17 பகுதியோடு நின்றுபோன ஒரு தொடர். பார்த்தால் சப்பென்று இருந்தது. பிறந்த ஊரில் அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. இலங்கையில் ஒரு தலைமுறையே அதைத் தன்னுடையதாக வைத்திருக்கிறது. தொட்டவத்த அதை மொழிபெயர்த்தார் என்று சொல்வது போதாது. அந்தப் படங்களை வைத்து இந்த நாட்டுக்கு ஒரு கதை செய்தார்.

உங்கள் அக்கா ஒரே இரவில், ஒத்திகை இல்லாமல், ஜெனரேற்றர் இரைச்சலுக்கு மேலாகச் செய்ததும் அதே வேலை. ஒரு கிழவரும் ஒரு பிள்ளையும் தெருவில் நடக்கிறார்கள் என்றால் அவர்கள் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவவின் மனம் முடிவெடுத்திருக்கிறது. கடைசிவரை பாருங்கள், அக்கா அப்படியொன்றும் தூரப் போகவில்லை என்று விளங்கும். இதற்குமேல் கதையை நான் சொல்லமாட்டேன்.

இனி மகளின் கேள்வி. நல்ல கேள்வி, அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. இந்தத் தொடர் 1977 ஒக்ரோபரிலிருந்து ஒரு வருடம் ஜப்பானில் ஒளிபரப்பானது. எக்ரோர் மாலோ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் 1878ஆம் ஆண்டு நாவல்தான் மூலம். ஜப்பானியப் பெயருக்கு 'வீடில்லாத பிள்ளை' என்று அர்த்தம். இயக்கியவர் ஒசாமு தெசாக்கி. ஒசாமு தெசுக்காவின் நிறுவனத்தில், 1963இல் தொடங்கிய 'அஸ்ட்ரோ போய்' தொடரில் வேலை பழகியவர். வாராவாரம் ஒரு பகுதி கொடுக்க வேண்டும், காசும் ஆளும் போதாது. ஆகவே அங்கே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து வரைந்தார்கள். வாய் மட்டும் அசையும், கை மட்டும் அசையும். தெசாக்கி அந்தப் பற்றாக்குறையைப் பிடித்துக்கொண்டு வேறு ஒரு இடத்துக்குப் போனார். மனம் நிறைகிற அல்லது உடைகிற கணம் வந்ததும் அசைவை முழுதாக நிறுத்தி, அந்தக் காட்சியைக் கையால் தீட்டிய ஒரு ஓவியமாக மாற்றிவிடுவார். கோடுகள் கரடுமுரடாகும், நிறம் தடிக்கும். அஞ்சலட்டைப் படம் போல அது கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகுதான் கதை நகரும்.

மகளிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ரெமி பெரியவனான பிறகு எதை மறக்காமல் வைத்திருப்பானோ, அந்த இடத்தில் படம் நிற்கிறது. பசுவை விற்கிற இடத்தை உங்களோடு பார்த்திருப்பாள். வளவில் மாடு நின்ற வீட்டில் வளர்ந்த எவருக்கும் அது விளக்கம் சொல்லத் தேவையில்லாத இடம். உங்களுக்கும் உங்கள் 1994 அப்படித்தானே ஞாபகம் இருக்கிறது? அசையாமல், நாலைந்து படங்களாக.

மகளைக் கவர இன்னொன்றும் சொல்லித் தருகிறேன். இந்தத் தொடரில் நடக்கிற காட்சிகளைக் கவனியுங்கள். பின்னணியில் மரமும் வேலியும் மலையும் அடுக்கடுக்காக, வேறு வேறு வேகத்தில் நகரும். அது வேண்டுமென்றே செய்தது. ஒரு கண்ணை மட்டும் கறுப்புக் கண்ணாடியால் மறைத்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தால், கறுத்த பக்கத்துக் கண் படத்தைக் கொஞ்சம் பிந்தி வாங்கும். அந்தப் பிந்தலால் மூளை ஆழம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ரெமி முன்னுக்கும் மலை பின்னுக்கும் போகும். உடைந்த கூலிங் கிளாசின் ஒரு பக்கம் போதும். ஒரு கண்ணில் சரிவராவிட்டால் மற்றக் கண்ணில் வைத்துப் பாருங்கள். நான் என் மகனோடு செய்து பார்த்து, இரண்டு பேரும் அன்று இரவு நித்திரைக்குப் பிந்திப் போனோம்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் பனிக்காலம் வரும். அந்தப் பகுதிகளை மகள் தனியே பார்க்க விடவேண்டாம். பகலில், பக்கத்தில் இருந்து, ஒருநாளைக்கு ஒன்றாகப் பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பானியத் தொடர்கள் சாவைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவற்றில் மரியாதை. எங்களிடமும் அப்போது ஒருவரும் மறைக்கவில்லை, மறைக்க முடியவும் இல்லை. உங்கள் மகளுக்கு அது ஒரு கதைக்குள், அப்பாவின் பக்கத்தில் இருந்து வருகிறது. எங்களுக்கு அப்படி வரவில்லை.

95 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்துக்குள் நீங்களும் இருந்திருப்பீர்கள். சைக்கிளில் மூட்டையோடு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் அங்கே கண்டேன். ரெமி நடக்கும்போது மற்றவர்கள் பிரான்சின் தெருவைக் காண்பார்கள். நீங்கள் ஏன் ஐந்தாறு பகுதியோடு நிறுத்தினீர்கள் என்பதற்கு, நிறத்தையும் அம்மப்பாவையும் விட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மெதுவாகப் பாருங்கள், அவசரம் இல்லை. ஆனால் விட்டுவிடாதீர்கள்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1996இல் இதே நாவலை வேறு ஒரு நிறுவனம் திரும்பவும் தொடராக்கியது. அதில் ரெமி ஒரு சிறுமி. நீங்கள் தேடுவது அதுவல்ல.

ரெமி முடிந்தபின் மகள் கேட்டால், 1976இல் வந்த மார்க்கோவின் தொடரைக் காட்டுங்கள். தாயைத் தேடி மூவாயிரம் காதம் போகிற பெடியன். இத்தாலியின் ஜெனோவா நகரில் கடன்பட்ட ஒரு குடும்பம், வீட்டு வேலைக்கென்று ஆர்ஜென்ரினாவுக்குக் கப்பலேறும் தாய், கடிதம் நின்றுபோன பின் தானே புறப்படும் மகன். 1886இல் எட்மொண்டோ டி அமிச்சிஸ் எழுதிய ஒரு சின்னக் கதையை இசாவோ தக்காஹாத்தா 52 பகுதியாக விரித்தார். ஜெனோவாவில் மார்க்கோ போத்தல் கழுவி, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு சேர்ப்பதற்கே எத்தனையோ பகுதிகள். வேகம் பழகிய கண்ணுக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளின் நாட்கள் அவ்வளவு மெதுவாகத்தான் போகின்றன. இதைத் தமிழில் குரல் கொடுத்து ஆரும் அவர்களுக்குக் காட்டினால் எவ்வளவு நல்லது என்று நெடுநாளாக நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அக்கா இப்போது எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே இருந்தாலும் ஒருநாள் போன் எடுங்கள். நீங்கள் அன்று பார்த்த அந்த நாலு பகுதி வரும்போது சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, போனை மகளின் பக்கத்தில் வையுங்கள். அக்கா சொல்லட்டும். ரீவியில் நிறத்தைக் குறைக்க வழி இருந்தால் அதையும் குறையுங்கள். மகள் முதலில் உங்கள் ரெமியைப் பார்க்கட்டும். பிறகு அதே நாலையும் நிறத்தோடும் சத்தத்தோடும் பாருங்கள்.

கிழவரை அக்கா இந்த முறையும் அம்மப்பா என்றுதான் சொன்னாவா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
க.
யாழ்ப்பாணம்