நாணமேட்டில் வீடு: மஞ்சள் எச்சரிக்கை போதுமா?

பெண்ணையாற்றோரம் நாணமேட்டில் குடியிருக்கிறோம், கடலூருக்கு வானிலை மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை மட்டும் இருந்தால் சாமான்களை மேலே ஏற்ற வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிறம் நம் மாவட்டத்தில் பெய்யப்போகும் மழைக்குத்தான். பெண்ணையாறு கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழையையும் வாரிக்கொண்டு வருகிறது. ஆற்றோரம் குடியிருப்பவர் அந்த மாவட்டங்களின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம் அதே ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணை. முழு மட்டம் 119 அடி. அதை நெருங்கிவிட்டால் வரும் தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது டிசம்பர் 2 அதிகாலையில்தான். நாணமேடு, உச்சிமேடு பக்கம் மூழ்கியது அதன் பிறகு. டிவிக்காரர்கள் புயலோடு கிளம்பிவிடுவார்கள், ஆறு அப்போதுதான் வரும்!

மத்திய நீர்வளக் கமிஷனின் வெள்ள முன்னறிவிப்புத் தளத்தில் ஆற்று மட்டம் தெரியும். கைப்பேசியில் ‘டிஎன் அலர்ட்’ செயலியைப் போட்டு வையுங்கள். சந்தேகமென்றால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, “சாத்தனூரில் இப்போது எவ்வளவு திறக்கிறார்கள்?” என்று நேராகக் கேளுங்கள். அளவு ஏறிக்கொண்டே போனால், அப்புறம் நிறத்தைப் பார்க்காதீர்கள். தண்ணீர் இங்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அரிசி, பத்திரம், மோட்டார் மேலே போகட்டும், மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.