புள்ளி படத்திலா, ஸ்கானிலா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): 1979இல் எடுத்த அம்மம்மாவின் கலர்ப் படத்தைக் கடையொன்றில் ஸ்கான் பண்ணினோம். கையில் வைத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. கம்பியூட்டரில் முகமெல்லாம் மணல் தூவின மாதிரிப் புள்ளி. சொஃப்ட்வெயாரில் துப்புரவாக்கித் தர படத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கையில் தெளிவாக இருக்கும் படம் ஸ்கானில் புள்ளியாகிறது என்றால், பழுது ஸ்கான் பண்ணின விதத்தில்தான். படத்தை யன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பாருங்கள். மேலே தேன்வதை போல நுண்ணிய மேடுகள் தெரிந்தால் அது சொரசொரப்பான தாள். அந்தக் காலத்துக் கலர்ப் படங்கள் நிறைய இதில் வந்தன. விரல் அடையாளம் தெரியாது என்பது அதன் வசதி. ஆனால் பெரும்பாலான ஸ்கானர்களில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதான் விழும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு புறம் மினுங்கும், மறுபுறம் நிழல் கட்டும். நீங்கள் காணும் மணல் அதுதான்.

அதே படத்தை இரண்டு தரம் ஸ்கான் பண்ணுங்கள். முதலில் நேராக, பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து. இரண்டுக்கும் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்). ஸ்கானர் தானாகக் கூர்மையும் நிறமும் திருத்தும் ஷார்பன், ஓட்டோ கலர் இரண்டும் ஓஃப். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்னும் படம் திருத்தும் சொஃப்ட்வெயாரில் இரண்டாவதை 180 பாகை திருப்பி முதலாவதின் மேல் லேயராக (மேலடுக்காக) வையுங்கள். லேயர் மோடை டிஃபரன்ஸ் ஆக்கினால் பொருந்தாத இடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். திரை ஏறக்குறையக் கறுப்பாகும் வரை நகர்த்திவிட்டு, மோடை நோர்மலுக்கு மாற்றி மேல் லேயரின் ஒப்பாசிட்டியை (அடியில் உள்ளதை மறைக்கும் அளவை) 50 வீதமாக்குங்கள். மினுக்கமும் நிழலும் பக்கம் மாறியிருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். முழுக்கப் போகாது, பெரும்பகுதி போகும்.

பிழைக்கிற இடம் பொருத்துவதில்தான். ஒன்றிரண்டு பிக்சல் விலகினாலே இமை மயிர் இரட்டிக்கும். ஒரு மூலை பொருந்தி எதிர்மூலை விலகினால் படம் சற்றுச் சரிந்திருக்கலாம், அல்லது ஸ்கானரின் ஓட்டம் சீரில்லாமல் இருக்கலாம். கையால் நகர்த்திச் சரிவராது. போட்டோஷொப்பின் ஓட்டோ அலைன் லேயர்ஸ் அதைச் செய்யும்.

மிச்சப் புள்ளிக்கு ஜிம்ப்பின் என்ஹான்ஸ் பட்டியலில் வேவ்லெட் டீகொம்போஸ் இருக்கிறது. படத்தை நுண்மை வாரியாக அடுக்கடுக்காகப் பிரித்துத் தரும். மிக நுண்ணிய ஓரிரு அடுக்கின் ஒப்பாசிட்டியை மட்டும் பாதியாகக் குறையுங்கள். கண், புருவம், சேலைக்கரை ஆகியவற்றை மாஸ்க் போட்டு (மறைத்து) விட்டுவிடுங்கள். அடியோடு துடைத்தால் அம்மம்மா கடைப் பொம்மை ஆகிவிடுவார்.

கேள்வி (காரைதீவு): சுனாமியில் நனைந்த கறுப்பு வெள்ளைப் படம். மஞ்சள் கறை படர்ந்து மங்கியிருக்கிறது. வெளிச்சம் கூட்டினால் புள்ளியும் கூடுகிறது. இன்னொரு படம் பிறேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

பதில்: கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் கிரேயில் ஸ்கான் பண்ணியிருப்பீர்கள். கறை உள்ள படத்தைக் கலரில்தான் எடுக்க வேண்டும். ஸ்கானரில் 48 பிட் (நிறத்துக்கு 16 பிட்) இருந்தால் அதையே தெரிவு செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகையான டிஃப் ஆகச் சேமியுங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலச் சனல்களை (ஒவ்வொரு நிறத்தின் பதிவையும்) தனித்தனியே பாருங்கள். மஞ்சள் கறை நீலத்தில் கறுப்பாகப் பதியும், சிவப்பில் கிட்டத்தட்டக் காணாமற் போகும். சிவப்புச் சனலை மட்டும் வைத்துக்கொண்டால் கறை தீர்க்கும் வேலையில் பாதி முடிந்தது.

வெளிச்சம் கூட்டும்போது புள்ளி பெருகுவதற்கு ஒரு காரணம் நிறத்துக்கு 8 பிட் மட்டும் இருப்பது. அதில் மொத்தமே 256 படிகள். மங்கிய படம் அதில் சிறு பகுதியைத்தான் பிடிக்கும். அதை இழுத்து விரித்தால் படிகள் பிளந்து, புள்ளியும் சேர்ந்து விரியும். புள்ளியை முதலில் குறைத்து, பிறகு கொன்ட்றாஸ்ட் ஏற்றுங்கள்.

கண்ணாடியில் ஒட்டியதை உரிக்கவே கூடாது. படத்தின் மேற்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே கமராவால் எடுங்கள்: அறையை இருட்டாக்கி, இரு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு.

கேள்வி (அக்கரைப்பற்று): அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் மட்டுமே வாப்பாவின் நினைவாக இருக்கிறது. ஃபோன் அப் ஒன்றில் போட்டோம். பளபளவென்று வந்தது, ஆனால் வாப்பா இல்லை, வேறு யாரோ.

பதில்: இந்த அப்கள் படத்தில் மறைந்திருப்பதைத் தேடி எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் படித்துவிட்டு, இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. கொடுக்கும் படம் எவ்வளவு மங்கலோ ஊகம் அவ்வளவு கூடும். எனவே முதலில் 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கள். 35க்கு 45 மில்லிமீற்றர் படம் சுமார் 1650க்கு 2125 பிக்சல் வரும். அப்பின் விளைவை மூலப் படத்தின் மேல் லேயராக வைத்து, உடுப்புக்கும் பின்னணிக்கும் மட்டும் விடுங்கள்; முகத்தில் 30 வீதத்துக்கு மேல் வேண்டாம். மச்சம், காது, பல்வரிசையை ஒப்பிட்டால் அப் எங்கே கைவைத்தது என்று தெரியும். பல அப்கள் படத்தைத் தங்கள் சேர்வருக்கு ஏற்றுகின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு): வீட்டுக்கு ஸ்கானர் வாங்குவதா, கடையில் கொடுப்பதா?

பதில்: இருபது முப்பது படம் என்றால் கடை போதும், கேட்டு வாங்கத் தெரிந்தால். கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். 600 டிபிஐ, டிஃப், பென் டிரைவில். தாள் இழுக்கும் ஃபீடரில் பழைய படத்தை விடவே வேண்டாம். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், சதுரம் சதுரமாக உடையும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அல்பம் அல்பமாக இருந்தால் வாங்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய டிபிஐ எண்ணை நம்பி விலை கூடியதை எடுக்காதீர்கள். அடையாள அட்டை அளவுச் சின்னப் படம் தவிர, தாளில் அச்சிட்ட படத்தில் 600க்கு மேல் எடுக்க அதிகம் இருக்காது. மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 600இல் 2100க்கு 3000 பிக்சல். எட்டுக்குப் பன்னிரண்டாகப் பெருப்பிக்கவும் காணும். பார்க்க வேண்டியது படத்தைப் படிக்கும் பாகமான சென்சர். மெல்லிய, மலிவான சிஐஎஸ் வகை கண்ணாடியில் படிந்து கிடக்கும் படத்துக்கு நல்லது. சுருண்ட படமோ கண்ணாடிக்குப் பின்னால் உள்ளதோ அதில் மங்கும். அவற்றுக்கு சிசிடி வகைதான்.