அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘ஆனர்ஸ் கல்லூரி’ என்றால் என்ன? அதை யார் நடத்துகிறார்கள்?

பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இயங்கும் ஒரு சிறிய கல்லூரி இது. எந்தத் துறை மாணவரும் தன் துறையில் இருந்தபடியே இதிலும் சேரலாம். சிறிய வகுப்புகள், நிறைய விவாதம், கடைசி ஆண்டில் பெரும்பாலும் ஓர் ஆய்வேடு.

இதன் வேர் 1922-இல் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஃபிராங்க் அய்டலாட், ஸ்வார்த்மோர் கல்லூரித் தலைவரானதும் அங்கே ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கூட்டம் பெருகியது. நூற்றுக்கணக்கானோர் அமரும் அரங்கில் கேள்வி கேட்கத் துடிக்கும் பிள்ளை காணாமல் போய்விடும் அல்லவா? அதற்காகத்தான் மிச்சிகன் ஸ்டேட் (1956), ஆரிகன் (1960) போன்றவை தனி ஆனர்ஸ் கல்லூரிகளைத் தொடங்கின. என்னைக் கேட்டால், அரசுக் கல்விக் கட்டணத்தில் இப்படி ஒரு கவனிப்பு கிடைப்பது பெரிய விஷயம்.

சரி, நிர்வாகம்? பெரிய ஊருக்குள் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குச் சங்கம் உண்டு; தண்ணீரும் விளக்கும் நகராட்சியுடையவை. அதுபோல, இங்கே ஒரு டீன் இருப்பார். பெரும்பாலும் பல்கலைக்கழகக் கல்விப் பொறுப்பாளரான புரோவோஸ்டுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர்களில் பலர் மற்றத் துறைகளிலிருந்து வருபவர்கள். பட்டத்தைத் தருவதும் பல்கலைக்கழகமே.

இதை நம் ஊர் ‘பி.ஏ. ஆனர்ஸ்’ பட்டத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரே பாடத்தை ஆழமாகப் படிப்பது, இதிலோ பொறியியல் மாணவரும் இலக்கிய மாணவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள்.